உறுதி யார் பேரில்?



ராத்தா வீட்டுக் கைத்தறிக்கு ஒரு வெப்சைட் செய்து எட்டு மாதம் ஆகிறது. பள்ளியடியிலும் கடைத்தெருவிலும் பலர் நிறுத்தி வைத்து இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லி முடிவதில்லை. முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி விடுகிறோம். தையல், கேக், தும்பு வேலை, பன்பாய், கருவாடு என்று வீட்டில் தொழில் செய்யும் யாருக்கும் இதில் பாதியாவது உதவும், இன்ஷா அல்லாஹ்.

நாங்கள் என்றால் பெரிய கம்பனி கிடையாது. தறியில் இருக்கும் ராத்தா, நூல் வாங்குவது முதல் பார்சல் கட்டுவது வரை பார்க்கும் மச்சான், ஏ.எல் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த அவர்களின் மகள், டிசம்பர் விடுமுறையில் கூட உட்கார்ந்த இந்த வாத்தியார். நாலு பேரில் ஒருவரும் கொம்பியூட்டர் படித்தவர் இல்லை.

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: "எல்லாரும் ஃபேஸ்புக்குலதானே இரிக்காங்க சேர், வெப்சைட் என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. ஃபேஸ்புக்கை நாங்களும் விடவில்லை, இதையே அங்குதான் எழுதுகிறோம். ஆனால் நம் நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் நம் சனங்களின் வீடும் கடையும் எரிந்தபோது ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு சில நாட்கள், மே மாதத்தில் மீண்டும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு தடவை. இவை தவிர 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, யாரும் தடை போடாமலே, அந்தக் கம்பனியின் உள்கோளாறால் ஃபேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலமளவில் நின்று போயின. அந்த நாட்களில் கடையை ஃபேஸ்புக்கில் மட்டும் வைத்திருந்தவருக்குக் கடையே இல்லை. வேறு முகவரியில் இருந்த வெப்சைட்டுகள் வழமை போல் திறந்தன.

இலவசமாகத் தருவதை எப்போது நிறுத்துவார்கள் என்பதும் நம் கையில் இல்லை. வணிகப் பக்கம் வைத்திருந்தவர்களுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த சிறு வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் மூடியது. கொடுத்தவர் எடுத்துக்கொண்டார், கேட்க வழியில்லை.

கிழக்கு மாகாணத்தில் பிறந்த நமக்குக் காணியின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வருடம் குடியிருந்தாலும் கையில் உறுதி இல்லாவிட்டால் எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேண்டும். ஃபேஸ்புக் பக்கம் அடுத்தவர் காணியில் போட்ட கொட்டில். வியாபாரம் நடக்கும், மழை வெயிலுக்கு மறைவும் இருக்கும். உறுதி மட்டும் நம் பேரில் இராது.

காகிதத்தில் தொடங்கியது

முதல் மூன்று நாள் கொம்பியூட்டரைத் திறக்கவேயில்லை. ஒரு சீ.ஆர் கொப்பியை எடுத்து ஐந்து கேள்விக்கு விடை எழுதினோம். என்ன விற்கிறோம்? யார் வாங்குகிறார்கள்? வாங்கும் முன் அவர்கள் என்ன கேட்கிறார்கள்? விலை என்ன? எப்படிப் போய்ச் சேரும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மச்சானின் போனில் கிடந்த பழைய மெசேஜ்களை மருமகள் ஒவ்வொன்றாக வாசித்துக் கணக்கெடுத்தாள். திரும்பத் திரும்ப வந்தவை ஏழெட்டுக் கேள்விகள்தான். சாயம் போகுமா, பிளவுஸ் துண்டு சேர்த்தா, எத்தனை யார், இதே டிசைன் பச்சையில் இருக்கா, கொழும்புக்கு எத்தனை நாள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா. அந்தக் கேள்விகளுக்கான விடைகள்தான் எங்கள் வெப்சைட்டின் பெரும்பகுதி. வெப்சைட்டில் என்ன எழுதுவதென்று திகைப்பவர்கள் உங்கள் போனையே பாருங்கள். வாடிக்கையாளர்கள் ஏற்கனவே சொல்லித் தந்திருப்பார்கள்.

முகவரி, கட்டடம், சாமான்

புதிதாகத் தொடங்குபவரைக் குழப்புவது டொமைன், ஹோஸ்டிங் என்ற இரண்டு சொற்கள். டொமைன் என்பது முகவரி. ஹோஸ்டிங் என்பது நம் பக்கங்களும் படங்களும் இருக்கும் கட்டடம், அதை வருட வாடகைக்கு எடுக்கிறோம். எழுத்தும் படமும் நாம் அடுக்கும் சாமான். கட்டடக்காரர் சரியில்லை என்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு வேறு கட்டடம் போகலாம், முகவரி மாறாது. அதனால் மூன்றிலும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டியது முகவரியைத்தான்.

டொட் கொம் எடுக்கலாம், டொட் எல்கே எடுக்கலாம். டொட் எல்கே 1990 முதல் நம் நாட்டுக்குரியது, எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி அதைப் பார்க்கிறது. 2010இல் தமிழ் எழுத்திலேயே முடியும் டொட் இலங்கை முகவரியும் வந்தது. நாங்கள் டொட் எல்கே எடுத்தோம். சாரி வாங்குபவர்களில் பாதிப் பேர் சிங்களப் பெண்கள், உள்ளூர்க் கடை என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பது மச்சானின் கணக்கு.

பேர் தெரிவு செய்வதில் ஒரு சிறு சோதனை வைத்தோம். ஊர்ப் பேரை ஆங்கிலத்தில் எழுதும்போது மருதமுனையின் 'த'வுக்கு ஒருவர் டி போடுவார், இன்னொருவர் டி எச் போடுவார். நினைத்த பேர்களைப் போனில் ஐந்து சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, கேட்டபடி எழுதி அனுப்பச் சொன்னோம். ஐந்து பேரும் ஒரே மாதிரி எழுதிய பேரைத்தான் எடுத்தோம். மருமகளுக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு பேரை நாலு பேர் நாலு விதமாக எழுதினார்கள், அது அங்கேயே கழிந்தது.

உறுதி யார் பேரில்?

முழுப் பதிவையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, பக்கத்து ஊர்க்காரர். வெப்சைட் செய்து தரச் சொல்லி ஒரு இளைஞரிடம் காசு கொடுத்தார். அந்தத் தம்பி நன்றாகவே செய்தார், ஆனால் முகவரியைத் தன் பேரில், தன் ஈமெயிலில் பதிந்தார். பிறகு வெளிநாடு போனார், நம்பர் மாறியது. வருடம் முடிந்து புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் யாரும் திறக்காத ஈமெயிலுக்குப் போனது. முகவரி கைவிட்டுப் போய்விட்டது. சொப்பிங் பேக், போர்ட், பில் புத்தகம் எல்லாவற்றிலும் அச்சடித்த பேர். அந்தத் தம்பியிடம் களவு எண்ணம் எதுவும் இருக்கவில்லை. அவர் பேரில் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இந்த இடத்தில்தான் பேச்சு நின்றது. ஒன்லைனில் காசு கட்டக் கார்ட் வேண்டும். கத்தாரில் இருக்கும் மருமகன் தன் கார்டில் கட்டினார். அவர் ஈமெயிலில், அவர் பேரிலேயே பதிந்தால் ஐந்து நிமிட வேலை. மகன்தானே, வேறு ஆளா என்றும் ஒரு பேச்சு வந்தது. காசு யார் கட்டினாலும் பரவாயில்லை, உறுதியில் பேர் தொழில் செய்பவருடையதாக இருக்க வேண்டும் என்று சொன்னோம்.

ராத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "என்ட பேர் என்னத்துக்கு? உங்கட மச்சான்ட பேரப் போடுங்க."

மச்சான் நூல் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தறியில இரிக்கிறது நீ, பேர் மட்டும் என்டயா?"

ராத்தா பதினாறு வயதில் தறியில் உட்கார்ந்தவர். இத்தனை வருடத்தில் அவர் நெய்தவை எத்தனையோ கடைகளில் யார் யாரோ பேரில் தொங்கியிருக்கின்றன. தன் பேர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கூட ஒரு சாரியோடும் போனதில்லை. அன்றுதான் அவருக்கென்று ஒரு ஈமெயில் திறந்தோம். பதிவு அவர் பேரில். பாஸ்வேர்டை அவரே தெரிவு செய்து, அடையாள அட்டை வைக்கும் பைக்குள் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஈமெயிலுக்கு இரண்டாம் பூட்டும் போட்டோம், வேறு போனிலிருந்து உள்ளே போக முயன்றால் அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும். அந்த நம்பரை மகனுக்கும் சொல்லக் கூடாது என்று மருமகள் மூன்று தரம் பாடம் எடுத்தாள்.

ஆகவே, யாரிடம் வேலை கொடுத்தாலும் கொடுங்கள், காசும் கொடுங்கள். ஆனால் முகவரி உங்கள் பேரில், உங்கள் ஈமெயிலில் பதியப்பட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். முடியும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

கட்டியது

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தோம். 2003 முதல் இருப்பது, இலவசம், உலகின் வெப்சைட்டுகளில் பெரும் பங்கு அதில்தான் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது அவர்களின் இடத்தில் நாம் தங்குவது. வேர்ட்பிரஸ் டொட் ஓர்க் என்பது மென்பொருளை எடுத்து நம் ஹோஸ்டிங்கில் நாமே வைப்பது. பேர் ஒன்று போலிருப்பதால் பலர் மாறிப் போகிறார்கள். இதுவும் பாரம் என்று நினைப்பவர்கள் கூகுள் சைட்ஸில் இலவசமாகத் தொடங்கலாம், அதிலும் உங்கள் சொந்த முகவரியை இணைக்க முடியும்.

சில பிரவுசர்களில் முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டு அடையாளத்துக்கென்று தனியாகக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் கம்பனிகள் அதைச் சேர்த்தே கொடுக்கின்றன. கேட்டுப் பாருங்கள். முதல் வருடம் மலிவு, இரண்டாம் வருடம் இரட்டிப்பு என்பதும் இந்தத் தொழிலில் சாதாரணம். புதுப்பிக்கும் விலையை முதலிலேயே கேளுங்கள். எங்களுக்கு முகவரியும் கட்டடமும் சேர்த்து முதல் வருடச் செலவு ஒன்றிரண்டு சாரி விற்ற காசுக்குள் அடங்கியது.

ஐந்து பக்கம்தான். முகப்பு, சாரிகளும் சாரங்களும், கேள்வி பதில், எங்களைப் பற்றி, தொடர்பு. ஒன்லைனில் கார்ட் போட்டு வாங்கும் வசதியை வைக்கவில்லை. வாரத்துக்கு நாலைந்து ஓடர் வரும் வீட்டுத் தொழிலுக்கு வங்கிக்கு அனுப்புவதும், சாமான் கிடைத்ததும் கூரியரிடம் கொடுப்பதும் போதும். ஓடர் கூடினால் பார்ப்போம்.

எழுத்து

பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் அடித்துப் பழகிய கை பாமினியில்தான் ஓடும். பாமினியில் அடித்ததை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் வாசிப்பவருக்குக் கோழி கிண்டியது போல ஆங்கில எழுத்துத்தான் தெரியும், கூகுளுக்கும் அது தமிழ் என்று புரியாது. யுனிகோடில் அடிக்க வேண்டும். பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் இலவச வசதிகள் இருக்கின்றன. போனில் தமிழ் கீபோர்டில் அடித்தால் அது ஏற்கனவே யுனிகோட்தான்.

இன்னொன்று, நம் ஊரில் எல்லாவற்றையும் போஸ்டராகப் போடும் பழக்கம். விலை, நம்பர், விலாசம் எல்லாம் படத்துக்குள். "மருதமுனை கைத்தறி சாரி" என்று ஒருவர் தேடும்போது படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பியிருக்க முடியாது. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். நாங்கள் தமிழில் எழுதி, முக்கியமானதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போட்டோம். சிங்களத்தைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியை பார்த்துத் திருத்தித் தந்தார், அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக.

படமும் உண்மையும்

போட்டோவுக்குக் கெமரா வாங்கவில்லை. காலை எட்டு மணிக்கு விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் போனில் எடுத்தோம். சாரிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துப் பார்ப்போம். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சாரியின் நிறமும் பொய்தான், திரும்ப எடுப்போம். ஒவ்வொன்றுக்கும் நாலு படம்: முழுவதும், கரை, முந்தானை, நூல் தெரியக் கிட்டத்தில் ஒன்று. போன் படம் பல எம்.பி இருக்கும், அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறக்கவே மாட்டாது. சிறிதாக்கி ஏற்றுங்கள்.

நிறத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கலாமே என்று மருமகள் கேட்டாள். மச்சான் விடவில்லை. சாமானில் இருக்கும் குறையை மறைத்து விற்கக் கூடாதென்பது நாம் சின்ன வயதிலேயே ஓதிப் படித்தது. சந்தையில் கையில் தொட்டுப் பார்த்து வாங்குபவருக்கே அப்படி என்றால், தொட்டுப் பார்க்க வழியில்லாதவருக்கு இன்னும் கவனமாக அல்லவா இருக்க வேண்டும்? எனவே கேள்வி பதிலில் இப்படி எழுதினோம்: கையால் நெய்தது, அங்கங்கே நூல் தடித்துத் தெரியும். கடும் நிறங்கள் முதல் கழுவலில் கொஞ்சம் சாயம் விடும், தனியாகக் கழுவுங்கள். நெய்து தர வேண்டியதற்கு இத்தனை நாள் செல்லும், கையில் இருப்பதற்கு இத்தனை நாள். இதை எழுதியதால் ஒருவரும் வாங்காமல் போகவில்லை. சண்டைதான் குறைந்தது.

விலையையும் போட்டோம். "இன்பொக்ஸ் பண்ணுங்க" என்று எழுதவில்லை. விலை கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

பெண்கள் நடத்தும் தொழில் என்றால்

தொலைபேசி இலக்கம் போடுவதில் ராத்தா பயந்ததற்குக் காரணம் உண்டு. நம்பர் வெளியே போனால் இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வரும், வேண்டாத மெசேஜும் வரும். தொழிலுக்கென்று தனி சிம் எடுத்து, வட்ஸ்அப் பிஸ்னஸ் போட்டு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து என்று நேரம் எழுதினோம். நேரம் தவறி வரும் மெசேஜுக்கு அதுவே பதில் அனுப்பும். போன் மச்சானிடம் இருக்கும். ராத்தாவின் முகப்படம் எங்கும் இல்லை, தறியில் ஓடும் அவர் கைகளின் படம் இருக்கிறது. கூகுள் மெப்பில் வீட்டு விலாசத்தை மறைத்து, எந்தெந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்று மட்டும் காட்ட முடியும், அப்படியே செய்தோம். வெட்கமும் பாதுகாப்பும் தொழிலுக்குத் தடை என்று நினைத்து நிறுத்தியிருக்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள்.

வாங்குபவர்களின் பேரும் விலாசமும் நம்மிடம் வரும். அது அமானிதம். அடுத்த கடைக்குக் கொடுக்கக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் வந்திருக்கிறது.

என்ன கிடைத்தது?

கதை சொல்லி ஆசை காட்ட விருப்பமில்லை. முதல் இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. மருமகள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறந்து பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டாள். மூன்றாம் மாதம் மாத்தறையிலிருந்து ஒரு சிங்கள ஆசிரியை இரண்டு சாரி கேட்டார். பிறகு அவரின் பாடசாலையில் இன்னும் மூன்று பேர். இப்போது மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரும், சில மாதம் ஐந்தோடு நிற்கும். ஃபேஸ்புக்கில் பார்த்து வெப்சைட்டில் விலை படித்து வட்ஸ்அப்பில் கேட்பவர்கள்தான் கூட. மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

மொத்தமாக எடுக்கும் முதலாளியும் வருகிறார். போன மாதம் வந்து வழமை போல ஒரு விலை சொன்னார். மச்சான் சத்தம் போடவில்லை, போனில் விலைப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். பேரம் நடந்தது, கொஞ்சம் கூட்டித்தான் எடுத்துப் போனார். முன்பு அவர் சொன்னதுதான் விலை, வேறு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். இப்போது வேறு ஒரு வழி, ஒற்றையடிப் பாதையாக என்றாலும், இருக்கிறது.

மருமகளுக்கு ஏ.எல் முடிவு வந்துவிட்டது. கெம்பஸுக்குப் போவாள், இன்ஷா அல்லாஹ். அவள் போன பிறகு பக்கத்தைப் புதுப்பிப்பது யார் என்று கேட்டோம். ராத்தா இப்போது தானே படம் ஏற்றப் பழகுகிறார். ஒரு சாரி ஏற்ற ஒரு மணித்தியாலம் செல்கிறது. செல்லட்டும்.

தொடங்க நினைப்பவர்கள் இந்தக் கிழமை செய்ய வேண்டியது இரண்டு வேலைதான். ஒரு கொப்பியில் அந்த ஐந்து கேள்விக்கும் விடை எழுதுங்கள். உங்கள் பேரில் ஒரு ஈமெயில் திறந்து பாஸ்வேர்டைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் அது யார் பேரில் பதியப்பட்டிருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கொப்பியோடு வருபவர்களுக்குச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ராத்தா வீட்டு விறாந்தையில் சொல்லித் தரத் தயார். பெண்களுக்கு ராத்தாவும் மருமகளும் உள்ளே சொல்லித் தருவார்கள். காசு இல்லை, தேத்தண்ணி உண்டு.

அல்லாஹ் எல்லோருடைய தொழிலிலும் பரக்கத் செய்வானாக.